முந்நூற்று எண்பத்தேழு

"காய்ப்பு எப்படி?" என்று யார் கேட்டாலும் நூர்நிஷாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "என்னத்த காய்ப்பு போங்க, எல்லாம் பூவுலயே உதுந்து போச்சு." கேட்டவன் நிற்பது காய் நிறைந்த பலாவின் அடியில்தான். தலையை நிமிர்த்தினால் மூக்கில் முள் இடிக்கும். ஆனாலும் அதுதான் பதில். கேட்டவன் அதை நம்பமாட்டான். நம்பவேண்டும் என்று அவளும் எதிர்பார்ப்பதில்லை. செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் தோப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே பேச்சுதான். உள்ளதை உள்ளபடி சொன்னால் கண் பட்டுவிடும், பாதியாகச் சொன்னால் மீதிப் பாதியாவது பிழைக்கும். இதில் பள்ளிவாசல்காரர், கோயில்காரர் என்று வித்தியாசம் கிடையாது.

ஐந்தருவியில் பழக்கடை போட்டிருக்கும் விஜய்பாண்டி சாரல் தொடங்கியதும் மங்குஸ்தான் எடுக்க வருவான். "பாயம்மா, காய்ப்பு எப்படி?" என்பான். பதிலைக் கேட்டுவிட்டு, "அடப்பாவமே, ஒண்ணுமே இல்லியா" என்று வருத்தப்படுவான். வருத்தப்பட்டுக்கொண்டே ஆட்டோவிலிருந்து நாற்பது கூடையை இறக்குவான்.

நூர்நிஷாவுக்கு இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடப் பயம் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் முகம்மது இஸ்மாயில் இருபத்துநாலு வருஷம் சவுதியில் இருந்தார். பாலைவனத்தில் கரண்டுக் கோபுரம் ஏற்றுகிற வேலை. அவர் அனுப்பியதில் மூன்றேகால் ஏக்கரை வாங்கிப்போட்டு, தென்னை, கமுகு, பலா, மங்குஸ்தான் என்று ஒவ்வொன்றாக வைத்தவள் இவள். குழி வெட்ட மட்டும் ஆள் வைத்துக்கொண்டாள். மற்றபடி தண்ணீர் சுமந்தது, தழை மிதித்தது, பலாவின் காலில் நல்லமிளகுக் கொடியைக் கட்டிவிட்டது எல்லாம் அவள் கைதான். மங்குஸ்தான் வைத்துப் பத்தாம் வருஷம் முதல் காய்ப்பு. வாய் கொள்ளாத சந்தோஷத்தில், தோப்பில் நின்றபடியே போனில், "நாப்பத்திரெண்டு காய்ங்க! எண்ணிப் பாத்துட்டேன், நாப்பத்திரெண்டு!" என்று கத்தினாள். அந்த வாரமே மலையிலிருந்து ஆனை இறங்கியது. வாழை முழுக்கப் போயிற்று, அறுபது தென்னங்கன்றைக் குருத்தோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு மூடின வாய். அதற்குப் பிறகு தோப்பில் எத்தனை நிற்கிறது, எத்தனை காய்த்தது என்று உண்மையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மனதுக்குள்கூட ஒன்று இரண்டு என்று எண்ணியதில்லை.

போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இஸ்மாயில் ஜும்மாவுக்குப் போயிருந்தார். சாரல் என்று சொல்லமுடியாதபடி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் குடையும் கையில் ஒரு பையுமாக ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். பெயர் ஜாய், மார்த்தாண்டம் பக்கம். இரண்டு காலிலும் அட்டை.

"அய்யோ, உள்ள வா புள்ள. இந்த மழையில அட்டைக் காட்டுக்குள்ள எவனாவது போவானா?" நூர்நிஷா உப்பை அள்ளி வந்து அட்டை மேல் வைத்தாள். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தது. பிறகு கட்டன் சாயாவும், அவித்த மரச்சீனிக் கிழங்கும், தொட்டுக்கொள்ள மத்திக் குழம்பும் வைத்தாள்.

ஜாய் சாப்பிட்டுக்கொண்டே வந்த விஷயத்தைச் சொன்னாள். இங்கிருந்து மலை தாண்டிக் கேரளாவுக்குப் பெரிய மின்கம்பி போகப்போகிறது. கடன் கொடுக்கிற வெளிநாட்டு வங்கி, மரம் மட்டை, ஓடை, பறவை எல்லாவற்றுக்கும் என்ன சேதம் வரும் என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறது. அதைப் பார்க்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை.

"ரோட்டோரம் பத்து மரம் அளந்துட்டேம்மா. உள்ள போக அட்டை விடமாட்டேங்குது. நாளைக்கு வேற ஊர் முடிக்கணும். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன். எல்லாம் சேத்து எத்தன மரம் நிக்கும்?"

அந்தக் கேள்விக்கு யோசிக்கவேண்டிய அவசியமே நூர்நிஷாவுக்கு இருக்கவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. "என்னத்த மரம், ஒரு நூத்தி நாப்பது நிக்கும். அதுலயும் பாதி பட்டது."

ஜாய் எழுதினாள். "உரிமையாளர் சொன்னபடி" என்ற இடத்தில் கையெழுத்து வாங்கினாள். கிழங்கு ரொம்ப நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள். நூர்நிஷாவும் அதை அத்தோடு மறந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து இஸ்மாயில் பஞ்சாயத்து ஆபீஸில் வரைபடம் பார்த்துவிட்டு உற்சாகமாக வந்தார். கரண்டு விஷயம் என்றால் அவருக்கு முழங்கால் வலிகூட மறந்துவிடும்.

"ஏட்டி நூரு, ரெண்டு வழி வச்சிருக்காவ. ஓடைக்கு இங்கிட்டு நம்ம தோப்பு வழியா ஒண்ணு. அங்கிட்டு பேராச்சி தோப்பு வழியா ஒண்ணு. எதுல மரச்சேதம் கொறைவோ அதுலதான் போவும்."

நூர்நிஷா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "போனா என்ன ஆவும்?"

"நடுவுலேர்ந்து அங்கிட்டு இருவத்திமூணு மீட்டர், இங்கிட்டு இருவத்திமூணு. அதுக்குள்ள ஆள் உசரத்துக்கு மேல ஒண்ணும் நிக்கப்படாது. நம்ம தோப்பு ஒடுக்கமா நீளவாக்குல கெடக்கா, அம்புட்டும் போயிரும். நெலம் நம்ம பேர்லதான் இருக்கும். கடலையோ உளுந்தோ போட்டுக்கிடலாம்." அவர் சிரித்தார். "ஆனா நமக்குப் பயமில்ல. நானூறு மரத்த வெட்டிட்டு எவனும் லைன் இழுக்கமாட்டான். நான் அங்கன எத்தன பாத்திருக்கேன்! ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு இழுத்தோம், நடுவுல ஒரு முள்ளுச்செடி கிடையாது. அந்தப் புள்ள எண்ணத்தச் சரியா எழுதிக்கிட்டால்லா?"

"எழுதிக்கிட்டா" என்றாள் நூர்நிஷா. மீன் கருகிவிட்டது. அதைத் திருப்பிப் போடவேண்டும் என்று தெரிந்தது, கை போகவில்லை.

அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் புரட்டாசியில் வந்தது. இஸ்மாயில் ஜெராக்ஸ் எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதல் வழி, ஓடைக்குத் தெற்கே, இருநூற்றுப் பத்து மரம். இரண்டாம் வழி, ஓடைக்கு வடக்கே, நூற்று நாற்பது மரம். சேதம் குறைந்தது என்பதால் இரண்டாம் வழி பரிந்துரைக்கப்படுகிறது. வடக்கே இருப்பது இவர்கள் தோப்பு. தெற்கே பேராச்சியுடையது.

"நூத்தி நாப்பதா?" அவர் திரும்பவும் வாசித்தார். "இவ உள்ளயே வந்திருக்கமாட்டா. மழைக்குப் பயந்து எங்கயோ டீக்கடைல உக்காந்து கணக்கெழுதிட்டா. வாரேன்! கூட்டத்துல வச்சு நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குதேன்."

சொல்லிவிட வேண்டும் என்று நூர்நிஷா நினைத்தாள். கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் நினைத்தாள். காலையில் சாயா கொடுக்கும்போது நினைத்தாள், தோப்பில் விழுந்த மட்டையை இழுத்துப் போடும்போது நினைத்தாள். பயம் என்றோ அழுகை என்றோ ஒன்றும் வரவில்லை. நெஞ்சு இருக்கிற இடத்தில் ஈரச்சாக்கைப் போட்டு மூடின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள், மூன்றாம் நாள் போடவே இல்லை. இஸ்மாயில் வைத்ததைச் சாப்பிட்டார், அவர் ஞாபகமெல்லாம் கூட்டத்தில் பேசப்போவதில் இருந்தது.

இலத்தூர் விலக்குப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரிகள் நாலு பேர். கீழே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வந்தவர்களுக்கெல்லாம் சுண்டலும் டீயும். பேராச்சி இவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் தோப்பும் இந்தப் பக்கம் சிநேகமுமாக முப்பது வருஷம் ஓட்டியவள். வழி இவர்கள் தோப்பில்தான் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் நூர்நிஷாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"சுண்டல் தின்னுக்கா" என்றாள் பேராச்சி.

"தின்னுதேன்."

இரண்டு பேர் மடியிலும் சுண்டல் அப்படியே இருந்தது.

இஸ்மாயிலுக்கு மைக் வந்தது. நன்றாகத்தான் பேசினார். லைன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வயசுக்காலமெல்லாம் லைன் இழுத்துத்தான் கஞ்சி குடித்தேன் என்று ஆரம்பித்தார். பிறகு குரல் ஏறியது. "எந்தோப்புக்குள்ள கால் வைக்காமலே நூத்தி நாப்பதுன்னு எழுதிருக்காவ. இது என்ன ஆய்வு? வீட்ல உக்காந்து எழுதுனது ஆய்வா?"

மேடையில் நடுவில் இருந்த அதிகாரி, கீழே ஓரமாக நின்ற ஜாயைத் திரும்பிப் பார்த்தார். "நேர்ல போனியாம்மா, இல்லையா? பொய்யா எழுதியிருந்தா இன்னைக்கே பையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிரலாம். எல்லார் முன்னாடியும் சொல்லுதேன்."

ஜாய் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பெண்கள் பக்கம் பார்த்தாள், நூர்நிஷாவைக் கண்டுகொண்டாள். ஆனால் கையை நீட்டி, "இந்த அம்மாதான் சொன்னாங்க" என்று காட்டவில்லை. "போனேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பிள்ளை தன் வீட்டுக் கிழங்கைத் தின்றவள் என்பதுதான் அப்போது நூர்நிஷாவுக்குத் தோன்றியது. எழுந்துவிட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தக் கையெழுத்து என்னுது சார். அந்தப் புள்ள மழையில வந்துச்சு. நான்தான் நூத்தி நாப்பதுன்னு சொன்னேன்."

இஸ்மாயில் மைக்கைப் பிடித்தபடி திரும்பினார்.

"அப்ப நூத்தி நாப்பதுதானா?" என்றார் அதிகாரி.

"இல்ல. கூட நிக்கி."

"பொறவு ஏம்மா கொறச்சுச் சொன்னீங்க? எதுக்காக எடுக்குற கணக்குன்னு இந்தப் பிள்ள சொல்லலையா?"

"சொன்னா. நான்தான்..." நூர்நிஷா நிறுத்தினாள். முந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கண்ணூறு பட்டுரும்லா. அதான்."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். மேடையில் காதில் ஹெட்போன் மாட்டியிருந்த வெளிநாட்டு வங்கிக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மொழிபெயர்ப்பவர் விழித்தார். பெண்கள் பக்கம் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பேராச்சி எழுந்தாள். மடியிலிருந்த சுண்டல் கொட்டியது. "சார், எங்க தோப்பு எரநூத்திப் பத்துன்னு போட்டிருக்கு. நானும் பாதியத்தான் சொன்னேன். அக்கா மட்டும் இல்ல."

"எங்களுதும் அப்படித்தான்" என்று பின்வரிசையில் ஒரு குரல். "நாங்களும்தான்" என்று இன்னொன்று. வயலைக் குறைத்துச் சொன்னவர்கள், கிணற்றைக் குறைத்தவர்கள், மாட்டைக் குறைத்தவர்கள் என்று வரிசையாக எழுந்தார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இருநூறு பக்க அறிக்கை அவர் முன்னால் கிடந்தது. கடைசியில், இரண்டு வழியிலும் மரத்துக்கு மரம் எண் போட்டுத் திரும்ப எண்ணப்படும் என்று அறிவித்துவிட்டுக் கூட்டத்தை முடித்தார்கள். ஜாயை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை.

இஸ்மாயில் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அத இல்ல. கடைசி ஏழெட்டு வருசம் ஊருக்கு வராம அங்கன கெடக்கும்போது. ஒவ்வொரு வாட்டியும் போன்ல கேப்பேன், எத்தன நிக்கி, எத்தன காய்ச்சுதுன்னு. 'என்னத்த, ஒண்ணுமில்ல'ம்ப. நானும் நம்பிட்டு இருந்தேன். இருவத்திநாலு வருசம் வெயில்ல வெந்ததுக்கு ஊருல பாதித்தோப்புதான்னு நெனச்சிட்டுப் படுப்பேன். வந்து எறங்கி உள்ள நடந்து பாத்தனே அன்னைக்கு... நீ சாயா போடப் போயிட்ட. நான் அந்தப் பலா மூட்டுல நின்னு அழுதேன், தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. "எனக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றாள். "உங்களுக்கு எதுவும் ஆயிரக்கூடாதுன்னு." அவர் கோபுரத்தில் தொங்குகிறவர். அங்கே போகிற கண் எது, வருகிற கண் எது என்று அவளால் எப்படிக் காவல் இருக்கமுடியும்? தோப்பைப் பாதியாக்கிச் சொன்னால் மீதிக்குள் அவரும் பத்திரமாக இருப்பார் என்று நினைத்திருந்தாள். இதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வைத்தாள், இருவரும் குடித்தார்கள்.

ஒரு வாரத்தில் ஜாய் வந்தாள், கூட மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு ஒரு ஆள். நல்ல வெயில், அட்டை இல்லை. "நீங்களே எண்ணிச் சொல்லுங்கம்மா. பொறவு ஒருத்தரும் கொற சொல்லக்கூடாது" என்றாள்.

நூர்நிஷா ரோட்டோரத் தென்னையில் கையை வைத்தாள். "ஒண்ணு" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை, திரும்பச் சொன்னாள். பெயிண்டர் ஒன்று என்று எழுதினான். ஜாய் நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்தாள். இரண்டு. மூன்று. ஐம்பது வருவதற்குள் வாய் பழகிவிட்டது. ஆனை பிடுங்கிய இடத்தில் இரண்டாம் முறை வைத்த தென்னைகள். இஸ்மாயிலின் உம்மா மவுத்தாகி அடக்கமான வருஷம் வைத்த பலா. தொடக்க காலத்தில் அவர் விசா கிடைக்காமல் ஆறு மாதம் ஊரில் இருந்தபோது, இரண்டு பேருமாகச் சிரித்துச் சண்டை போட்டு வைத்த ஜாதிக்காய். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது, அதற்குத் தாளில் இடமில்லை. எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே போனாள். இஸ்மாயில் பின்னாலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் பேராச்சி துணி துவைக்கிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேற்கு மூலை மங்குஸ்தானில் எண்ணிக்கை முடிந்தது. முந்நூற்று எண்பத்தேழு.

"பாத்தியா" என்றார் இஸ்மாயில். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம். "முந்நூத்தி எம்பத்தேழு! பேராச்சி உனக்காவத்தான் பாதின்னு சொல்லிருப்பா, அங்கிட்டு இம்புட்டு நிக்காது."

மறுநாள் பேராச்சி தோப்பில் எண்ணினார்கள். நானூற்று இருபத்தொன்று.

தை முடிகிறபோது கடிதம் வந்தது. மறு கணக்கெடுப்பின்படியும் இரண்டாம் வழியிலேயே சேதம் குறைவு. முப்பத்துநாலு மரம் வித்தியாசம். பரிந்துரையில் மாற்றமில்லை. அடுத்த ஆடி வரை காய் பறித்துக்கொள்ளலாம்.

நூர்நிஷா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். இதுவரை, அவள் சொன்ன பொய்யால்தான் தோப்பு போகிறது என்கிற குற்றமாவது அவளிடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். இப்போது அதுவும் இல்லை. எல்லோரும் பொய் சொன்னபோதும் அவள் தோப்புதான், எல்லோரும் உண்மை சொன்னபோதும் அவள் தோப்புதான். அவள் மட்டும் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் பேராச்சியின் தோப்பு போயிருக்கும். அதை நினைத்தபோதும் ஆத்திரமோ ஆறுதலோ ஒன்றும் வரவில்லை.

பேராச்சி ஒருநாள் தூக்குச்சட்டியில் உளுந்தங்களியோடு வந்தாள். ஒரு கிண்ணத்தில் எடுத்து நூர்நிஷாவிடம் நீட்டினாள்.

"நான் வாயத் தொறந்திருக்கக்கூடாதுக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கெடந்திருந்தா..."

"நீ தொறக்கலன்னா உன் தோப்புல்லா போயிருக்கும்? உள்ளத நான் சொல்லிட்டேன், நீயும் சொல்லிட்ட. சும்மா இரிட்டி."

"பேசாம இருந்திருந்தா எம்மனசு கேக்காதுன்னுதான் எந்திச்சேன். எந்திச்சும் கேக்கலியே."

"களி நல்லா இருக்கு. கருப்பட்டி எங்க வாங்குன?" என்றாள் நூர்நிஷா. பேராச்சி கடை பெயரைச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் கருப்பட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனி பிறந்தது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கூட்டம் அள்ளுகிறது என்று சொன்னார்கள். அந்த வருஷம்போல் தோப்பு காய்த்ததே இல்லை. மஞ்சள் எண்களுக்கு மேலே பலா அடுக்கடுக்காகத் தொங்கியது. மிளகுக்கொடி எண்களை மூடிப் படர்ந்திருந்தது. இஸ்மாயில் இப்போதெல்லாம் தோப்புக்குள் வருவதில்லை, பள்ளிவாசலில் உட்கார்ந்திருப்பார்.

விஜய்பாண்டி ஆட்டோவை நிறுத்தி இறங்கினான். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் அவனுக்கும் தெரியும். என்ன பேசுவது என்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு, பழக்கம் விடவில்லை, "பாயம்மா, காய்ப்பு எப்படி?" என்று கேட்டுவிட்டான்.

நூர்நிஷா அவனை நேராகப் பார்த்தாள்.

"மரம் முந்நூத்தி எம்பத்தேழு" என்றாள். சத்தமாகவே சொன்னாள். "மங்குஸ்தான் இருவத்தாறு மரம், அம்புட்டும் காய். ஒண்ணுல முந்நூறுக்குக் கொறையாது. பலா பத்தொம்பது, அடியிலேர்ந்து நுனி வரைக்கும் காய். நல்லமிளகு இந்த வருசம் மாதிரி நான் பாத்ததே இல்ல. தேங்கா எண்ணி முடியாது."

விஜய்பாண்டி பதறிவிட்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். "மெல்லப் பேசுங்க பாயம்மா" என்றான் தணிந்த குரலில். "என்னத்தச் சொல்லுதீங்க இப்படி! கண் படாம இருக்க மாஷா அல்லா சொல்லுங்க. நான் வேணா சொல்லுதேன், முறையா எப்படின்னு சொல்லிக் குடுங்க."

அவள் சொல்லவில்லை. சுவரில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"கூடை பத்தாது, இன்னும் எடுத்துட்டு வா" என்றாள்.